கடல் ஒத்துக்கொள்ளாத பெரியப்பா

என் பெரியப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பட்டினச்சேரியில், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்துவிட்டு, படகில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிற மனிதர் அவர். தாத்தா அவரை ஒரே ஒரு முறை தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாதி வழியில் படகைத் திருப்பிக் கரையில் கொண்டுவந்து இறக்கினாராம். "இது படிக்கட்டும்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு, மறுபடி கடலுக்குப் போய்விட்டாராம்.

இந்தக் கதையைப் பெரியப்பாவே எல்லோரிடமும் சொல்வார். "தரையில ஏற்கெனவே கூட்டம். கடல் என்னைச் சேத்துக்கல. மேல பாத்தேன், இடம் காலியா இருந்துச்சு. ஏறி உக்காந்துட்டேன்."

விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியாக இருந்தவர். மலை, பாலைவனம், வெள்ளக்காடு என்று நாடு முழுக்கப் பறந்தவர். படகில் வருகிற வாந்தி ஹெலிகாப்டரில் மட்டும் எப்படி வராமல் போனது என்று யாராவது கேட்டால், "ஸ்டியரிங் நம்ம கையில இருந்தா வராதுடா. எந்த பஸ் டிரைவராவது வாந்தி எடுத்துப் பாத்திருக்கியா?" என்பார். ஓய்வு பெற்று, பெரியம்மாவும் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு வீடு கட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. அத்தனை வருஷம் ஹெலிகாப்டர் இரைச்சலில் இருந்ததால் காது பாதி போயிருந்தது. அதையும் வேடிக்கையாக்காமல் விடமாட்டார். "உங்க பெரியம்மா என்னைத் திட்டினதுல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு. அதனாலதான் கடைசிவரைக்கும் சந்தோஷமா இருந்தோம்."

என் அப்பா அவருக்குத் தம்பி. அப்பாவுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பேச்சும் வராது. அண்ணன் பேசப் பேசச் சிரிப்பதுதான் அவருடைய பேச்சு. பல முறை கேட்ட கதை என்பதால், சிரிக்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரித்துவிடுவார். "இருடா, இன்னும் சொல்லல" என்று பெரியப்பா அதட்டுவார்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது வெள்ளத்தில் மாடிமேல் நின்ற ஆளின் கதை. எங்கேயோ ஓர் ஊர் முழுக்கத் தண்ணீரில் மிதக்கிறது. மொட்டைமாடியில் ஒருவர் துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கயிற்றை இறக்கி, இடுப்பில் பட்டை மாட்டி, சுழற்றுகிற காற்றுக்கு நடுவே அவரை மேலே இழுத்து உட்காரவைக்கிறார்கள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டே அவர் சுற்றிலும் பார்க்கிறார். பிறகு பெரியப்பாவின் தோளைத் தட்டி, "சார், பஸ் ஸ்டாண்டுல நிக்குமா?" என்று கேட்கிறார். இதைச் சொல்லும்போது பெரியப்பா அந்த ஆளாகவே மாறி, கையில் இல்லாத பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

அப்பா தொலைந்தது ஓர் ஐப்பசி மாதம்.

விடிவதற்கு முன்பே இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் போனார். நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் ஆசிரியர். அன்று வகுப்பில் இருந்தேன். மதியத்துக்குமேல் வாடைக்காற்று திடீரென்று மாறி அடித்ததில் பள்ளி ஜன்னல்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டினச்சேரி கரைக்குப் போனேன். போயிருந்த படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்பாவின் படகு வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், "எஞ்சின் நின்னுபோச்சுன்னு கையைக் காட்டுனாங்க. நாங்க திரும்பறதுக்குள்ள மழை மறைச்சிடுச்சு" என்றார்.

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியப்பா வந்தார். "அவன் எங்க போயிடப் போறான்? என் கதையிலிருந்து ஒரு நாள் தப்பிக்கலாம்னு பாத்திருக்கான். வரட்டும், ரெண்டு மடங்கா சொல்றேன்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்தாள். ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இவர் விமானப்படைக்காரர், ஒரு போன் போட்டால் மேலிருந்து தேட ஆள் வரும் என்று. தொலைந்த மற்ற மூன்று பேரின் வீட்டுக்காரர்களும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேடுதல் தொடங்கியது. பஞ்சாயத்தார் அதிகாரிகளிடம் போனார்கள், மனு கொடுத்தார்கள். கப்பல் போயிருக்கிறது, விமானம் போயிருக்கிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பழைய ஆட்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், இப்போது பதவியில் இருக்கிறவர்கள் என்று தேடித் தேடிப் பேசினார். முதலில் எல்லோரிடமும் ஒரு ஜோக்கோடுதான் ஆரம்பிப்பார். நாள் போகப்போக அது குறைந்தது.

ஒரு நாள் காலை அவரைக் காணோமென்று தேடிப் போனேன். வலை பின்னும் கூடத்தின் பின்பக்கம், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எதிர்முனையில் இருந்தவர் வயதில் மகன்போல இருக்கவேண்டும். பெரியப்பா கேட்டதற்கெல்லாம் மறுமுனையின் குரல் பணிவாகவே பதில் சொல்வது வெளியே கேட்டது. ஆனாலும் பெரியப்பாதான் அவரை "சார், சார்" என்று அழைத்துக்கொண்டிருந்தார். "தேடுவதை எப்போது நிறுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும் சார். நானும் நிறுத்தியிருக்கிறேன். காரணமும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தெற்கே இன்னும் ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று." மறுமுனை ஏதோ சொன்னது. "இல்லை சார், உங்களைக் குறை சொல்லவில்லை. கெஞ்சுகிறேன்."

என்னைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

"போறாங்களாம்டா. இன்னும் ஒரு தடவை தெக்கால போய்ப் பாக்கறேன்னுட்டாங்க."

"கிடைச்சிடுவாரா பெரியப்பா?"

நெற்றியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "முதல்ல ஆளைத் தேடுவோம். அப்புறம் படகைத் தேடுவோம். அதுக்கப்புறம் எதையாவது தேடுவோம்" என்றார். அப்படியே மணலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறினார். அதில் மணலே இல்லை. மறுபடி உதறினார்.

ஊர்ப்படகுகளும் தேடப் போயின. நானும் போனேன். கிளம்பும்போது பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். "நீங்க வேணாம்ணே, உங்களுக்கு ஆகாது" என்று எல்லோரும் சொன்னார்கள். "தண்ணியைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. ஏத்திவிடுங்கடா" என்றார். ஏற்றினோம்.

கழிமுகத்தைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டது. காலையில் குடித்த காபி, பிறகு பித்தம், பிறகு வெறும் ஓங்கரிப்பு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒரு கயிற்றை இடுப்பில் கட்டி அதன் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, முன்பக்கம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுக்கும்போதுகூடக் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மரக்கட்டையைப் பார்த்துக் கத்தினார். கிழிந்த தெர்மாகோல் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். ஒவ்வொரு முறையும் படகைத் திருப்பிப் போய்ப் பார்த்தோம். பொழுது சாயும்போது உதடு நீலம் பூத்துக் கரைக்கு வந்தார். இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினோம்.

அம்மா எழுந்து ஓடிவந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "மீனுக்கெல்லாம் நல்லா சாப்பாடு போட்டுட்டு வந்திருக்கேம்மா. உன் புருஷனைப் பாத்தா அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் அது அழுகையாக மாறியது. அதன்பிறகு வெகுநாள் அவர் எங்கள் முன்னால் வேடிக்கையாகப் பேசவே இல்லை.

சில நாட்களில் தேடுதல் நின்றது. நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. செய்தி வருவது நின்றது, அவ்வளவுதான். இரண்டு வீடுகளில் கருமாதி செய்தார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ எல்லாம் அப்படியே இருந்தது. மதியம் அப்பாவுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

பிறகு அவன் வந்தான். அப்பாவோடு போன மூன்று பேரில் ஒருவன், பூவத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்த குடும்பத்துப் பையன், என்னைவிட இளையவன், அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். ஏதோ ஒரு சரக்குக் கப்பல் அவனைக் கடலிலிருந்து எடுத்திருக்கிறது. அது போய்ச் சேர்ந்த தூரத்துத் துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, விசாரணையெல்லாம் முடிந்து, ஊர் வந்து சேர நாளாகிவிட்டது. முகமெல்லாம் தோல் உரிந்து, கருத்து, எலும்பாக இருந்தான். தன் வீட்டுக்குப் போன கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா, நான், பெரியப்பா மூன்று பேரும் இருந்தோம். பெரியப்பா அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படகு அன்றைக்கே கவிழ்ந்துவிட்டதாம். நான்கு பேரும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். இருட்டில் அலை இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டது. அப்பாவும் இவனும் மட்டும் மிஞ்சினார்கள்.

"மறுநாளு ஒரு பிளேன் வந்துச்சுங்க" என்றான். "தாழத்தான் வந்துச்சு. எங்களுக்கு நேரா. சித்தப்பா மஞ்சச் சட்டையைக் கழட்டி வீசுனாரு. நான் கத்துனேன். எங்க மேலேயே போயிட்டு அப்படியே திரும்பிடுச்சு."

பெரியப்பா நாற்காலியை இன்னும் அருகில் இழுத்தார்.

"நான் அழுதுட்டேங்க. சித்தப்பாதான் தேத்துனாரு. 'எங்க அண்ணன் அனுப்புன பிளேனுடா அது. இந்த இடத்தைக் குறிச்சு வெச்சிருப்பாங்க. திரும்பி வரும், பாரு'ன்னாரு. அன்னைக்கு முழுக்க அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பொழுது போனதும் எனக்குக் கண்ணு அசந்துடுச்சு. விடிஞ்சு பாத்தா அவரைக் காணும்."

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "பிளேன் வந்தப்ப வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் யோசித்தான். "அதுக்கு எதுத்தாப்புலங்க. தண்ணியெல்லாம் கண்ணு கூசுச்சு. எங்களுக்கே பாக்க முடியல."

பெரியப்பா தலையை ஆட்டினார். "நல்லா கத்துனியாப்பா?"

"தொண்டை கிழியக் கத்துனேங்க."

"கேக்காது" என்றார். "ஒண்ணுமே கேக்காது." அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவன் போன பிறகு நான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறக்காமல் வாசலிலேயே நின்றார். "மேல இருந்து பாத்தா கடல் கசங்குன துணி மாதிரிதான்டா இருக்கும். வெயில் எதுக்க அடிச்சா வெறும் ஜிகினா. அதுல ஒரு மனுஷத் தலை எம்மாத்திரம்? எத்தனை தடவை நான் நல்லா பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு, திரும்பிப் போய் சாப்பிட்டிருக்கேன். அந்த ஒண்ணும் இல்லாத இடத்துல யாரு யாரு சட்டையை வீசிக்கிட்டு இருந்தாங்களோ."

"அது உங்க தப்பு இல்ல பெரியப்பா."

"தப்புன்னு யாருடா சொன்னா? தப்பா இருந்தா தேவலையே. தண்டனையை வாங்கிக்கிட்டுப் போயிடலாம்."

சாவியை வாங்கி நானே கதவைத் திறந்துவிட்டேன்.

அம்மா அந்தப் பையன் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "காணும்னுதானே சொன்னான்? செத்ததைப் பாத்தானா? தூங்கிட்டான். இவனை ஒரு கப்பல் எடுத்த மாதிரி அவரை வேற கப்பல் எடுத்திருக்கும்." தினமும் காலையில் பெரியப்பாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதையே கேட்பாள். "ஏன் அத்தான், வேற கப்பல் எடுத்திருக்கும்ல?"

"எடுத்திருக்கலாம்மா" என்பார்.

"வெளிநாட்டுக் கப்பலா இருந்தா சேதி வர நாளாகும்ல?"

"ஆகும்மா."

அவருக்குத் தெரியும். அந்த மாதத்துக் கடல், அந்த நீரோட்டம், குடிதண்ணீர் இல்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அவர் தொழில். தெரிந்தே தினமும் அந்தப் பதிலைச் சொன்னார். அம்மா நிம்மதியாகத் திரும்பிவருவாள். அவர் காபியைக் குடிக்காமல் வைத்திருப்பார். டம்ளரை எடுக்கப் போகும்போது பார்ப்பேன், ஆடை கட்டிக் கிடக்கும். அந்த மனிதர் கண்ணெதிரே கரைந்தார். சட்டை தொளதொளத்தது. சவரம் செய்யாமல் ஒருநாளும் வெளியே வராதவர், தாடியோடு திரிந்தார்.

திருவேட்டக்குடியில் ஓர் உறவுக்காரர் கல்யாணம். வற்புறுத்தி அழைத்துப் போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ, "அண்ணே, அந்த மாடிக்காரன் கதையைச் சொல்லுங்கண்ணே, கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். பெரியப்பா மறுக்கவில்லை. ஆரம்பித்தார். ஊர் முழுக்கத் தண்ணீர் என்றார். சுற்றிச் சுற்றி வந்தோம் என்றார். "கீழ பாத்தேன்…" என்று சொல்லி நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி, "கீழ பாத்தேன்…" என்றார். அதற்குமேல் வரவில்லை. இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர் மெல்ல வேறு பேச்சை எடுத்தார். நான் அவரைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டிவந்தேன்.

மாசி மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்க்கும்போது நர்ஸ் வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க சார்?" என்றாள். "பைலட்டா இருந்தேன்மா. இப்ப ஏறி உக்காந்து பெல்ட் போட்டுட்டேன்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நான் சந்தோஷப்பட்டேன். பழைய மனிதர் திரும்பிவந்துவிட்டார் என்று நினைத்தேன். அது சந்தோஷப்படவேண்டிய விஷயமில்லை என்று அப்போது புரியவில்லை.

அடுத்த நாள் அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே, பழக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டாள். "கப்பல் எடுத்திருக்கும்ல அத்தான்?"

பெரியப்பா கஞ்சியை விழுங்கினார். ஸ்பூனைத் தள்ளினார்.

"இல்லம்மா" என்றார். "எடுத்திருக்காது."

அம்மா அவரையே பார்த்தாள்.

"நான் இத்தனை நாளும் உங்கிட்டப் பொய் சொன்னேன். எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல. அவன் போயிட்டாம்மா. அன்னைக்கே போயிட்டான். நான் போனப்புறம் இதை உங்கிட்டச் சொல்ல ஆள் இல்ல. எங்க தம்பியைச் சோறு ஆக்கிவெச்சு உக்கார வைக்காத. அனுப்பிவிட்டுடு."

அம்மா கிண்ணத்தை மூடினாள். பையில் வைத்தாள். எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். பெரியப்பாவுக்கு அந்தத் தூரத்துச் சத்தம் எதுவும் கேட்காது. என்னைப் பார்த்து, "அழுவறாளா?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்ல பெரியப்பா."

"அழச் சொல்லுடா" என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. "யாராச்சும் அழச் சொல்லுங்கடா."

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோதுதான் அம்மா அழுதாள். நான் அதுவரை கேட்டிராத அழுகை. பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வைத்துக்கொண்டே போனவள் நடுவில் எப்போதோ அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எந்த வரி யாருக்கு என்று பிரிக்க முடியவில்லை. கூட இருந்த பெண்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு, அவர்களும் அப்பாவின் உறவைச் சொல்லி அழத் தொடங்கினார்கள். எத்தனையோ மாதமாக ஊருக்குள் அடங்கிக் கிடந்தது அன்றைக்கு எங்கள் வாசலில் வெளியே வந்தது. பூவத்துப் பையன் வேலியோரம் குந்தியிருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது நான்தான். கருமாதி அன்று பொருள்களைப் பரப்பிவைத்துவிட்டு, ஐயர் ஒரு பிண்டத்துக்கு அரிசிமாவு பிசையச் சொன்னார். அம்மா பின்னாலிருந்து வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அதை எப்போது எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"ரெண்டா பிசைடா" என்றாள்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னொருத்தர் யாரும்மா?"

"அவர் தம்பி" என்றாள் அம்மா. "உடம்பு கிடைக்கல. நான்தான் இத்தனை நாளா விடல."

ஐயர் இன்னொரு இலையை விரித்தார். நான் மாவைப் பிசைந்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது, உருண்டை நிற்கவில்லை. அம்மா குனிந்து இன்னும் ஒரு பிடி மாவு போட்டாள்.